தாழ்வு மனப்பான்மை: வியன்னாவிலிருந்து சுரண்டைக்கு வந்த ஒரு சொல்

எங்க ஊர்ல "காம்ப்ளக்ஸ்" என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று பஜாரில் இருக்கிற கடை வரிசை. இன்னொன்று மனசுக்குள் இருப்பது. "அவனுக்கு ஒரு காம்ப்ளக்ஸ் உண்டு டே, நாலு பேரு கூடியிருக்கிற எடத்துக்கு வரவே மாட்டான்" என்று டீக்கடையில் யாராவது சொன்னால், அது இரண்டாவது காம்ப்ளக்ஸ். பள்ளி ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர் இதையே செந்தமிழில் சொல்வார்: "மாணவச் செல்வங்களே, தாழ்வு மனப்பான்மையை விட்டொழியுங்கள்!" கைதட்டல் விழும். பிள்ளைகள் அடுத்து வரப்போகிற நடனத்துக்காகக் காத்திருப்பார்கள்.

இந்தச் சொல்லை நாம் எவ்வளவு சாதாரணமாகப் பயன்படுத்துகிறோம் என்று யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பேய் பிடித்தது, கண்ணு பட்டது, கிறுக்குப் பிடித்தது என்பதெல்லாம் நம் பழைய சொற்கள். தாழ்வு மனப்பான்மை அப்படியில்லை. அதற்கு ஒரு பிறந்த ஊர் இருக்கிறது, ஒரு ஆள் இருக்கிறார், ஒரு சண்டைகூட இருக்கிறது. மனநோய்க்கு வைத்தியம் பார்ப்பது என்றால் ஆளின் குணம், அவன் வளர்ந்த வீடு, அவன் எதை நோக்கி ஓடுகிறான் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொன்ன ஒரு மருத்துவரின் சொல் அது. அந்தக் கதையைத்தான் இந்தக் குறிப்பில் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தானிய வியாபாரியின் இரண்டாவது பையன்

ஆல்ஃப்ரெட் அட்லர் 1870 பிப்ரவரி 7 அன்று வியன்னாவை ஒட்டிய ருடால்ஃப்ஸ்ஹைம் என்ற புறநகரில் பிறந்தார். அப்பா தானிய வியாபாரி. ஏழு பிள்ளைகளில் இவர் இரண்டாவது. சின்ன வயதில் ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோய். மற்ற பிள்ளைகள் தெருவில் ஓடும்போது இவரால் ஓட முடியாது. மூத்த அண்ணன் நல்ல ஆரோக்கியம், துள்ளித் திரிகிறவன். அண்ணனைப் பார்த்துப் பார்த்துப் பொருமியதைப் பிற்காலத்தில் அட்லரே சொல்லியிருக்கிறார். அந்த அண்ணனின் பெயர் சிக்மண்ட். பின்னாளில் இவருடைய வாழ்க்கையில் இன்னொரு சிக்மண்ட் வரப்போகிறார்.

நான்கு வயது நிறைவதற்குள் தம்பி ஒருவன் இவருக்குப் பக்கத்துப் படுக்கையிலேயே செத்துப்போனான். ஐந்து வயதில் இவருக்கே நிமோனியா வந்தது. பையன் பிழைக்க மாட்டான் என்று மருத்துவர் வீட்டாரிடம் சொன்னது இவர் காதில் விழுந்தது. பிழைத்தார். நான் டாக்டராகப் போகிறேன் என்று அப்போதே முடிவு செய்ததாகச் சொல்வார்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வரவில்லை. இவனைச் செருப்புத் தைக்கிற வேலைக்கு அனுப்புங்கள் என்று ஆசிரியர் அப்பாவிடம் சொன்னார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பையன் முட்டி மோதிக் கணக்கில் தேறினான். இந்தக் கதையை நம் ஊரில் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறோம்! "இவன் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்ற வாத்தியார் இல்லாத ஊர் உண்டா? ஆனால் அட்லர் இதை வெறும் சாதனைக் கதையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பிள்ளை தனக்கு இருக்கும் குறையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்ற கேள்வியாக மாற்றிக்கொண்டார். ஒரே குறை ஒருவனை ஓட வைக்கிறது, இன்னொருவனை மூலையில் உட்கார வைக்கிறதே, அது ஏன்?

1895இல் மருத்துவப் பட்டம். அவர் வைத்தியம் பார்த்தது வியன்னாவின் பிராட்டர் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் பக்கத்தில். வந்தவர்கள் பெரும்பாலும் சாதாரண ஜனங்கள். ஹோட்டல் பணியாளர்கள், சர்க்கஸ் வித்தைக்காரர்கள், கழைக்கூத்தாடிகள். அந்த வித்தைக்காரர்களில் பலர் சின்ன வயதில் நோஞ்சானாக இருந்தவர்கள் என்பதை அவர் கவனித்தார். பலவீனத்தை ஈடுகட்டப் போய் அதிலேயே வல்லவராகிவிட்டார்கள். 1907இல் உறுப்புக் குறைபாடு பற்றி அவர் எழுதிய நூலுக்கு இந்தக் கவனிப்பு ஒரு வேர்.

அவருடைய முதல் நூல் இதற்கும் முன்னால், 1898இல் வந்தது. தையல் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றிய சிறு நூல். வெளிச்சம் இல்லாத அறையில் நாள் முழுக்கக் குனிந்து தைக்கிறவனுக்கு என்னென்ன நோய் வரும், அதற்கு அவனுடைய வேலைச் சூழல் எப்படிக் காரணம் என்று எழுதினார். இதைப் படித்தபோது எனக்கு எங்க பக்கத்துப் பெண்கள்தான் ஞாபகம் வந்தார்கள். சுரண்டை, பாவூர்சத்திரம், கடையநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் திண்ணையில் மடிமேல் பீடித்தட்டை வைத்துக் குனிந்த தலை நிமிராமல் சுற்றிக்கொண்டிருப்பார்கள். கழுத்து வலி, முதுகு வலி, புகையிலைத் தூள் இருமல். மனசைப் பற்றிப் பேச வந்தவர் முதலில் பேசியது தொழிலாளியின் முதுகெலும்பைப் பற்றி. அட்லரைப் புரிந்துகொள்ள இது முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது சிக்மண்ட்

1902இல் ஃபிராய்ட் தன் வீட்டில் புதன்கிழமை தோறும் கூடிப் பேச நான்கு பேரை அழைத்தார். அதில் ஒருவர் அட்லர். ஒன்பது வருடம் அந்த வட்டத்தில் இருந்தார். 1910இல் வியன்னா உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் தலைவராகவும் ஆனார். அடுத்த வருடமே, 1911இல், முறித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

சண்டை எதைப் பற்றி? சுருக்கமாகச் சொல்கிறேன். மனிதனைப் பின்னாலிருந்து தள்ளுவது எது என்று ஃபிராய்ட் கேட்டார். அடக்கி வைத்த ஆசை, பால் உந்துதல், குழந்தைப் பருவக் காயம் எல்லாம் அதற்கான விடைகள். மனிதனை முன்னாலிருந்து இழுப்பது எது என்று அட்லர் கேட்டார். ஒவ்வொருவரும் சின்ன வயதிலேயே, தனக்கே தெரியாமல், ஒரு இலக்கை வைத்துக்கொள்கிறார்கள். "எல்லாரும் என்னையே பார்க்கணும்", "யாரும் என்னை ஜெயிக்கக் கூடாது", "நான் யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது", இப்படி ஏதோ ஒன்று. அது உண்மையாக இருக்க வேண்டியதில்லை, கற்பனையாகவும் இருக்கலாம். ஆனால் உண்மை போலவே அதை வைத்து வாழ்கிறோம். நாலைந்து வயதுக்குள் அமைந்துவிடுகிற இந்தப் போக்குக்கு அட்லர் 'வாழ்க்கைப் பாணி' என்று பெயர் வைத்தார்.

தன் முறைக்கு அவர் வைத்த பெயரில் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் அதைத் 'தனிமனித உளவியல்' என்று எழுதுகிறோம். தனி ஆளைப் பற்றியது போலத் தொனிக்கிறது. ஆனால் அந்தப் பெயரின் லத்தீன் மூலத்துக்குப் 'பிரிக்க முடியாதது' என்று பொருள். மனசு வேறு உடம்பு வேறு என்றோ, நனவு வேறு நனவிலி வேறு என்றோ ஆளைத் துண்டு போடாதே, முழு ஆளாகப் பார் என்பதே அதில் உள்ள செய்தி. முழு ஆள் என்றால் அவன் வீடும் தெருவும் அதில் சேர்த்தி. 'தனி' என்ற சொல் அட்லர் சொன்னதற்கு ஏறக்குறைய எதிர்ப்பக்கம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

கோட்பாடாகவே பேசிக்கொண்டிருந்தால் சலிப்புத் தட்டும். கற்பனையாக ஒரு சுரண்டை வீடு. அப்பா காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். அம்மா பீடி சுற்றுகிறார். மூன்று பிள்ளைகள்: மூத்தவள், நடுவில் ஒரு பையன், கடைக்குட்டியாக இன்னொரு பையன்.

மூத்தவளுக்கு எட்டு வயதிலேயே "நீதாம்மா தம்பிகளப் பாத்துக்கிடணும்" என்று சொல்லியாயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவளும் ஒரு தட்டை எடுத்து வைத்து அம்மாவுக்கு எண்ணிக்கை சேர்க்கிறாள். "பொறுப்பான புள்ள" என்று தெருவே சொல்கிறது. நடுப்பையன் அக்கா மாதிரி நல்ல பெயரும் எடுக்க முடியாமல், தம்பி மாதிரி செல்லமும் கொஞ்ச முடியாமல், வம்பு இழுத்துக்கொண்டு திரிகிறான். கடைக்குட்டி பதினாறு வயதிலும் அம்மாதான் தட்டில் சோறு போட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறான். "மூத்தது மோழை, இளையது காளை" என்று நம் பழமொழியே பிறந்த வரிசையை வைத்துக் குணம் சொல்லும். அட்லரும் பிறப்பு வரிசையைப் பற்றி நிறையப் பேசியவர். ஆனால் எத்தனையாவது பிள்ளை என்ற எண்ணை விட, அந்த வீட்டில் தன் இடம் எது என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டதுதான் முக்கியம் என்பார்.

இப்போது அந்த நடுப்பையனுக்குப் பரீட்சை நெருங்க நெருங்க வயிற்றுவலி வருகிறது என்று வையுங்கள். ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. நம் ஊரில் அடுத்த படி என்ன? ஒரு வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். ஒரு வீட்டில் பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கு நேர்ச்சை வைப்பார்கள். குற்றாலத்தில் சீசன் என்றால் "அருவியில தலயக் காட்டிட்டு வா, எல்லாம் தெளிஞ்சிரும்" என்று அனுப்புவார்கள். இன்னொரு வீட்டில் "நடிக்கான்" என்று நாலு சாத்துச் சாத்துவார்கள்.

அட்லர் ஒரு கேள்வி கேட்பார்: "இந்த வலி இல்லை என்றால் நீ என்ன செய்வாய்?" அவருடைய வழி வந்தவர்கள் இதற்கு 'அந்தக் கேள்வி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "வலி இல்லேன்னா நல்லாப் படிச்சு அக்காவ விட அதிகம் மார்க் எடுப்பேன்" என்று பையன் சொன்னால் விஷயம் வெளியே வந்துவிட்டது. எந்தப் போட்டியில் இறங்கப் பயப்படுகிறானோ அதிலிருந்து அந்த வலி அவனைக் காப்பாற்றுகிறது. வலி பொய்யில்லை. நடிப்பும் இல்லை. தோற்றுப்போனவன் என்ற பெயரை விட நோயாளி என்ற பெயர் அவனுக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட ஆள் அடிக்க மாட்டார், கயிறும் கட்ட மாட்டார்.

இந்த முறையில் சிகிச்சை நான்கு கட்டமாக நடக்கும் என்று பின்னால் வந்தவர்கள் ஒழுங்குபடுத்தினார்கள். முதலில் சமமான ஒரு நட்பு. வைத்தியரும் வந்தவரும் எதிரெதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார்கள், ஃபிராய்ட் மாதிரி படுக்க வைத்துத் தலைமாட்டில் உட்காருவது கிடையாது. இரண்டாவது, வீட்டு நிலவரம் கேட்பது: யார் மூத்தவர், யார் யாருக்குச் செல்லம், யாரோடு யாருக்குப் போட்டி, மிகச் சின்ன வயது ஞாபகம் எது. அந்த முதல் ஞாபகம் நிஜமாக நடந்ததா என்பது அட்லருக்கு முக்கியமில்லை. ஆயிரம் ஞாபகம் இருக்க இதை ஏன் பிடித்து வைத்திருக்கிறான் என்பதே கேள்வி. மூன்றாவது, தன் இலக்கு எது என்று வந்தவரே பார்க்கும்படி செய்வது. நான்காவது, வேறு வழியில் நடந்து பார்க்கத் தைரியம் கொடுப்பது.

இந்தத் தைரியம் கொடுப்பதுதான் முறையின் உயிர். ஊக்கம் இழந்த பிள்ளைதான் கெட்ட பிள்ளையாகிறது என்பது அட்லரின் அடிப்படைக் கணக்கு. அவருடைய சீடர் ருடால்ஃப் டிரைக்கர்ஸ், 1930களின் இறுதியில் அமெரிக்கா போய்ச் சிகாகோவில் வேலை செய்தவர், இதை இன்னும் எளிமையாக்கினார். குழந்தையின் குறும்புக்குப் பின்னால் நான்கில் ஒரு நோக்கம் இருக்கும் என்றார்: கவனம் வேண்டும், அதிகாரம் வேண்டும், பழிவாங்க வேண்டும், அல்லது "என்னால முடியாது, என்ன விட்டுருங்க" என்று காட்ட வேண்டும். நாலாவதுதான் ஆபத்து. அந்தப் பிள்ளை சத்தமே போடாது. நாமும் "அமைதியான புள்ள" என்று நினைத்துவிடுவோம்.

வியன்னாவின் பள்ளிக்கூடங்கள்

முதல் உலகப் போரில் அட்லர் ராணுவ மருத்துவராக இருந்தார். போர் முடிந்து வந்தவர் 'சமூக உணர்வு' என்பதைப் பற்றியே அதிகம் பேச ஆரம்பித்தார். மனநலத்துக்கு அளவுகோல் ஒருவன் எவ்வளவு உயர்ந்தான் என்பதா, மற்றவர்களோடு எவ்வளவு கலந்து நிற்கிறான் என்பதா? இரண்டாவதுதான் என்றார். வேலை, நட்பு, காதல் என்று வாழ்க்கை வைக்கும் மூன்று கணக்கையும் தனியாகப் போட முடியாது.

அப்போது வியன்னா நகராட்சி சோஷலிஸ்டுகள் கையில் இருந்தது. பள்ளிச் சீர்திருத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அட்லரும் அவர் குழுவும் பள்ளிகளை ஒட்டிக் குழந்தை வழிகாட்டு நிலையங்களைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 30 நிலையங்கள் வரை வளர்ந்தன. அங்கே ஆசிரியர்களும் பெற்றோரும் பார்த்துக்கொண்டிருக்க, எல்லோர் முன்னாலும் பேச்சு நடக்கும். ஒரு பிள்ளையின் பிரச்சினை என்று தொடங்கும், முடியும்போது பத்துப் பெற்றோர் தங்கள் வீட்டை நினைத்துப் பார்த்தபடி எழுந்து போவார்கள். 1934இல் ஆஸ்திரியாவில் சர்வாதிகாரம் வந்ததும் இந்த நிலையங்கள் மூடப்பட்டன. அட்லர் அமெரிக்காவில் குடியேறினார். 1937 மே 28 அன்று, சொற்பொழிவுக்காக ஸ்காட்லாந்தின் அபர்டீன் போயிருந்தபோது, தெருவில் நடந்துகொண்டிருந்தவர் மாரடைப்பில் விழுந்து இறந்தார். அவருடைய அஸ்தி எடின்பரோவில் ஒரு தகன மேடையில் எழுபது வருடம் கேட்பாரற்றுக் கிடந்து, 2007இல் கண்டுபிடிக்கப்பட்டு, 2011இல் வியன்னா போய்ச் சேர்ந்தது. அவருடைய சொல் உலகம் பூரா சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் அவர் சாம்பல் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை!

இந்தியாவுக்கு வந்தது

அட்லர் இறந்த அதே 1937இல் பம்பாயில் ஒரு குழந்தை வழிகாட்டு நிலையம் தொடங்கியது. முந்தின வருடம் ஆரம்பித்திருந்த டாட்டா சமூகப் பணிப் பள்ளியின் முயற்சி அது. பிள்ளையின் பிரச்சினையை வீட்டோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் நம் நாட்டில் நிறுவனமாக வேர் விட்டது இப்படித்தான்.

தமிழில்? இங்கேதான் எனக்குப் பிடித்த ஆள் வருகிறார், பெரியசாமித் தூரன். 1908இல் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சி அருகே பிறந்தவர். இசை கேட்கிறவர்களுக்கு அவருடைய கீர்த்தனைகள் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியராகத் தெரியும். 1954இல் முதல் தொகுதி, 1968இல் பத்தாவது. ஆனால் அவர் அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் வேலை பார்த்தவர். அந்த ஆசிரியர்தான் குழந்தை மனம், அடிமனம், பாரம்பரியம், குமரப்பருவம் பற்றியெல்லாம் சாதாரண வாசகர்களுக்குச் சின்னச் சின்ன நூல்களாகத் தமிழில் எழுதினார். அதில் ஒன்றின் தலைப்பே 'தாழ்வு மனப்பான்மை'.

யோசித்துப் பாருங்கள். வியன்னாவில் ஒரு மருத்துவர் பள்ளி ஆசிரியர்களைத் தேடிப் போனார். கொங்கு நாட்டில் ஒரு பள்ளி ஆசிரியர் உளவியலைத் தேடிப் போனார். இரண்டு பேரும் பெற்றோரை நோக்கித்தான் பேசினார்கள். தமிழில் உளவியல் வகுப்பறை வழியாகவும் நூலகம் வழியாகவும் வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லத் தூரனை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வழியும் உண்டு. டேல் கார்னகி 1936இல் எழுதிய, நண்பர்களைச் சம்பாதிப்பது பற்றிய பிரபலமான புத்தகத்தில் அட்லரைப் பெயர் சொல்லியே மேற்கோள் காட்டுகிறார். அந்தப் புத்தகம் தமிழிலும் வந்தது. அந்த ரகத்தில் முன்னேற்ற நூல்கள் தமிழில் ஏராளம். பேருந்து நிலையக் கடையில் தொங்கும் 'வெற்றி பெறுவது எப்படி' வகையறா எல்லாவற்றிலும் தாழ்வு மனப்பான்மைக்கு ஒரு அத்தியாயம் நிச்சயம். ஆனால் வழியில் ஒன்று தொலைந்துபோயிற்று. "உன்னை நீயே உயர்த்திக்கொள்" என்பது மட்டும் வந்து சேர்ந்தது. மற்றவர்களோடு சேர்ந்து நில் என்ற பாதி வரவில்லை. மற்றவனை விட உயர்ந்தே தீர வேண்டும் என்ற வெறியையும் அட்லர் அதே நோயின் இன்னொரு முகமாகத்தான் பார்த்தார்.

வைத்தியத்துக்குள் வீட்டைக் கொண்டுவருவதில் இந்தியா சொந்தமாகவே ஒரு வழி கண்டுபிடித்தது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்துக்குள்ளேயே கூடாரம் போட்டு, நோயாளியோடு அவர் குடும்பத்தையும் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957இல் தொடங்கியபோது, உறவினர் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்பதை முறையாகவே வைத்தது. இது அட்லர் வழி வந்தது இல்லை, இங்கேயே பிறந்தது. ஆனால் ஆளை வீட்டிலிருந்து பிரித்துப் பார்க்காதே என்ற எண்ணம் ஒன்றுதான். இதற்கு நேர் எதிரான படத்தையும் தமிழ்நாடு பார்த்தது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். கொண்டுவந்து விட்டவர்களும் குடும்பத்தார்தான். வேறு வழி தெரியாத குடும்பத்தார்.

எல்லாம் சரியா? இல்லை

அட்லரைப் புகழ்ந்துகொண்டே போனால் அது ஆராய்ச்சிக் குறிப்பு ஆகாது. 1919இல், பின்னால் பெரிய தத்துவவாதியான கார்ல் பாப்பர், அப்போது இளைஞர், அட்லரின் நிலையங்களில் உதவி செய்துகொண்டிருந்தார். ஒரு குழந்தையின் கதையைச் சொன்னார். அந்தப் பிள்ளையைப் பார்க்காமலேயே அட்லர் தன் கோட்பாட்டின்படி விளக்கிவிட்டார். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றதற்கு, ஆயிரம் தடவை பார்த்த அனுபவம் என்றார். அப்படியானால் இப்போது ஆயிரத்தொன்று ஆகிவிட்டது என்று பாப்பர் பதில் சொன்னார். நக்கல்தான், ஆனால் சரியான நக்கல். எதைச் சொன்னாலும் பொருந்திப்போகும் விளக்கத்தைச் சோதிக்க முடியாது. ஜாதகத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

பிறப்பு வரிசை விஷயமும் அப்படித்தான். 2015இல் அமெரிக்காவில் சுமார் 3,77,000 பள்ளி மாணவர்களை வைத்து நடந்த ஆய்வில், பிறந்த வரிசைக்கும் குணத்துக்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை என்று வந்தது. ஆகவே மூத்தவன் இப்படித்தான், கடைக்குட்டி அப்படித்தான் என்று முத்திரை குத்துவதை விட்டுவிடலாம். வீட்டில் யாருக்கு என்ன வேலை கொடுக்கிறோம், யாரிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பது மட்டும் கேள்வியாக மிஞ்சுகிறது. அதற்கு வரிசை எண் தேவையில்லை.

எனக்கு இருக்கும் பெரிய சங்கடம் வேறு. நம் ஊரில் 'தாழ்வு' என்பது மனசுக்குள் மட்டுமா இருக்கிறது? தெரு பிரித்து வைத்து, டம்ளர் பிரித்து வைத்து, சாதி பார்த்துப் பழகிய இடத்தில் ஒரு பிள்ளை கூனிக் குறுகி நின்றால், "உனக்குத் தாழ்வு மனப்பான்மை" என்று அந்தப் பிள்ளையிடமே திருப்பிச் சொல்வது என்ன நியாயம்? நோய் அதைத் தாழ்த்தியவனிடம் இருக்கிறது. அட்லருக்கு இது ஓரளவு தெரிந்திருந்தது. பெண்ணின் தாழ்வுணர்ச்சிக்குக் காரணம் பெண்ணின் இயல்பு இல்லை, ஆணை உயர்த்தி வைத்திருக்கும் சமூகம் என்று ஃபிராய்ட் வட்டத்தில் நின்றுகொண்டே சொன்னவர் அவர். அந்தப் பார்வையை நாம் சாதிக்கும் நீட்ட வேண்டியிருக்கிறது. ஆண்டு விழா மேடைகளில் அது நீளுவதே இல்லை.

ரிசல்ட் நாள்

இதெல்லாம் வெறும் வரலாறு என்று யாராவது நினைத்தால், மே மாதம் பிளஸ் டூ முடிவு வரும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளில் எத்தனை வீட்டில் பயந்துகொண்டு பிள்ளைகளைக் கண்காணிக்கிறோம். மறுநாள் செய்தித்தாளைப் பிரிக்கவே கை வராது. பிள்ளையின் இலக்கும் வீட்டின் இலக்கும் ஒன்றாகப் பிணைந்து, ஒரு மதிப்பெண் பட்டியல் ஆளின் மொத்த மதிப்பாகிவிடுகிற இடம் அது. தோற்றவர்கள் ஒரு வருடம் காத்திருக்காமல் அடுத்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதலாம் என்று தமிழ்நாடு அரசு கொண்டுவந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்த உளவியல் சிகிச்சை. அதில் மருந்து இல்லை, அறிவுரை இல்லை. "இன்னொரு கதவு திறந்திருக்கு" என்று சொல்கிறது, அவ்வளவுதான். அட்லர் இதைத்தான் ஊக்கம் என்றார். நமக்கும் அது புதுசு இல்லை, குறளில் 'ஊக்கமுடைமை' என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. ஆனால் ஊக்கத்தைப் பிள்ளைக்கு இருக்க வேண்டிய ஒரு குணமாகப் பார்க்கிறோமே தவிர, பெரியவர்கள் கொடுக்க வேண்டிய ஒன்றாகப் பார்ப்பது குறைவு.

அந்தக் கற்பனை வீட்டில் நடுப்பையனைப் பற்றி இவ்வளவு பேசினோம். மூத்தவளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? அவளுக்கு வயிற்றுவலி வராது. வர நேரம் கிடையாது. தம்பிகள் படிக்கணும் என்பது அவளுடைய இலக்காக ஆக்கப்பட்டுவிட்டது. சுரண்டையிலேயே காமராஜர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கப் போகும் பெண்களில் பலர் பீடி சுற்றிய காசில் போகிறவர்கள். போகாமல் நின்றுவிட்டவர்களை எந்தப் பட்டியலிலும் பார்க்க முடியாது. "பொறுப்பான புள்ள" என்று நாம் கொடுத்த பட்டத்தை அவள் எந்த வயதில், எதற்குப் பதிலாக வாங்கிக்கொண்டாள்? அட்லர் இருந்தால் அவளைத்தான் முதலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு அக்கா இருந்தால், இன்றைக்கு ஒரு நாள் தட்டை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு, "ஒனக்கு என்னக்கா வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வராது. பரவாயில்லை, காத்திருங்கள். யாராவது ரொம்ப ஒடிந்துபோயிருப்பதாகத் தோன்றினால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. 104க்கும் பேசலாம். அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அருவியில் குளிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குளித்துவிட்டு அங்கேயும் போங்கள்.